நிறம் ஏறக் கூடாத கருக்கள்

என் ஆராய்ச்சி வழிகாட்டி என்னைவிட ஒன்பது வயது இளையவள். அது மட்டுமல்ல, பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். தவளையின் இதயத்துக்கு நான்கு அறை என்று எழுதிவிட்டு, அதுதான் சரி என்று என்னோடு வாதாடியதற்காக ஒரு பீரியட் முழுக்க அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். 2009-இல், என் முப்பத்தேழாவது வயதில், கொட்டாரத்துப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஓராண்டு சம்பளமில்லா விடுப்பு வாங்கிக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் எம்.பில். சேர்ந்தேன். விலங்கியல் துறையில் என்னை மாணவியாக ஏற்றுக்கொள்ள முன்வந்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்களுக்கு என் வயதையும் என் வாயையும் நினைத்துப் பயம். அந்தப் பயம் நியாயமானது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

துறையில் நாலு பேர் முன்னால் நான் அவளை "மேடம்" என்பேன். அறைக் கதவைச் சாத்தியதும், எங்கள் ஊரில் சின்னப் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி, அவள் "ஏட்டி" ஆகிவிடுவாள். அவளுக்கு நான் எங்கேயும் எப்போதும் "டீச்சர்"தான்.

தலைப்பை அவள்தான் தந்தாள். நம் உடம்பின் செல்களுக்குள் பி-53 என்று ஒரு புரதம் உண்டு. செல்லுக்கு அடிபட்டு, அதற்குள் இருக்கும் மரபுச் செய்தி சேதமானால், "பிரியாதே, நில்" என்று அதைத் தடுத்து நிறுத்துவது இந்தப் புரதம்தான். சேதத்தைச் சரிசெய்ய முடிந்தால் செல் பிழைக்கும். முடியாவிட்டால் அந்தச் செல்லைச் சாகச் சொல்லும். இந்தப் புரதம் கெட்டுப்போன இடங்களில்தான் பல புற்றுக்கட்டிகள் தலையெடுக்கின்றன என்பதால் இதைப் புற்றுத் தடுப்புப் புரதம் என்கிறார்கள். இதுவரைக்கும் நான் பாடப் புத்தகத்தில் படித்ததுதான். அவள் கேட்டது வேறு. புற்று என்ற பேச்சுக்கே இடமில்லாத, இரண்டே நாள் வயதான ஒரு கருவுக்குள் இதற்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. கருவில் இருக்கும் ஒரு செல் நாளைக்கு இதயமாகவோ முதுகெலும்பாகவோ ஆகப் போகிறது. அது கெட்டால் அதிலிருந்து கிளைக்கும் அத்தனையும் கெடும். அதனால் அந்தச் சிறு வயதிலேயே இந்தப் புரதம் காவலுக்கு நின்றுவிடுகிறது. காயம் எதுவும் இல்லாதபோது இருக்கிற இடம் தெரியாமல் கொஞ்சமாக இருக்கும். காயம் பட்டால் செல்லின் உட்கருவில் வந்து குவியும். கோழி முட்டைக்குச் சூடு காட்டினால் கருவில் அது குவிகிறதா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

செய்முறை எளிது. கருக்கொண்ட நாட்டுக்கோழி முட்டைகளில் பாதியை ஆய்வகத்தில் குறிப்பிட்ட நேரம் அதிகச் சூட்டில் வைப்போம். மீதிப் பாதியைச் சும்மா விட்டுவிடுவோம். எங்கள் பேச்சில் அவை சூட்டு முட்டை, சும்மா முட்டை. பிறகு இரண்டையும் அடைகாக்கும் பெட்டியில் இரண்டு நாள் வைத்துத் திறந்தால், பயறளவு கருவும் அதில் துடிக்கிற சிவப்புப் புள்ளியாக இதயமும் தெரியும். அந்தக் கருவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, பி-53 புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றிச் சாயமேற்றினால், புரதம் குவிந்த இடம் பழுப்பாகும். சூட்டு முட்டை பழுக்க வேண்டும். சும்மா முட்டை வெளுத்திருக்க வேண்டும். சும்மா முட்டையிலும் பழுப்பு ஏறிவிட்டால் மொத்த ஆராய்ச்சியும் குப்பை, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இருக்காது.

அந்த ஆன்டிபாடியைத் திருவனந்தபுரத்தில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்த்த தன் தோழியிடம் கெஞ்சி வாங்கி, பனிக்கட்டி நிரப்பிய தெர்மோகோல் பெட்டியில் வைத்து, ரயிலில் மடியிலேயே கொண்டுவந்திருந்தாள் என் வழிகாட்டி. சுண்டுவிரல் நகமளவு குப்பியின் அடியில் கொஞ்சம் நீர், அவ்வளவுதான். எண்ணி நாலைந்து தடவைக்கு வரும்.

கடையில் விற்கும் முட்டையில் கரு இருக்காது, சேவலைப் பார்க்காத கோழிகள் இட்டவை அவை. அதனால் பூதப்பாண்டிக்கு அப்பால், வயல் ஓரத்தில் கோழி வளர்க்கும் ஒரு அம்மாளைப் பிடித்தேன். ஐம்பது வயதிருக்கும். எட்டுக் கோழியும் யாரைக் கண்டாலும் கொத்த வரும் ஒரு சேவலும் அவர் சொத்து. சனிக்கிழமை தோறும் காலையில் போய், அன்றும் முந்தின நாளும் இட்ட முட்டைகளை வைக்கோல் பரப்பிய கூடையில் வாங்கிக்கொண்டு, நாற்பது நிமிடப் பேருந்துப் பயணத்தில் நாகர்கோவில் திரும்பிக் கல்லூரிக்குப் போய்விடுவேன்.

முதல் தொகுதியில் சூட்டு முட்டை பழுத்தது. சும்மா முட்டையும் பழுத்தது.

முதல் தடவைதானே, கை பழகவில்லை என்றாள் வழிகாட்டி. இரண்டாம் தடவையும் அப்படியே. சாயம் அதிகமோ என்று குறைத்தோம், கழுவும் நேரத்தைக் கூட்டினோம், மெழுகை மாற்றினோம். மின்வெட்டு நேரத்தில் அடைப்பெட்டி தடுமாறுகிறதோ என்று இன்வெர்ட்டரை அதற்கென்றே ஒதுக்கினோம். மூன்றாம் தடவையும் சும்மா முட்டைகள் காப்பித் தூளைக் கொட்டியது போல நுண்ணோக்கியில் தெரிந்தன. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

துறைத் தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் இரக்கப்படும்போது எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒருநாள் அறைக்கு வெளியே என்னை நிறுத்தி, "டீச்சர், இந்த ஊருல உக்காந்து புரதம் கிரதம்ணு எல்லாம் ஆகக்கூடிய காரியமா? ஒங்களுக்கு மே மாசம் லீவு முடியுது. ஒரு குளத்தைப் பாத்துத் தாறேன். தண்ணியில என்ன பூச்சி கிடக்குண்ணு எண்ணி எழுதுங்க. பட்டம் வாங்கிட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேரலாம்" என்றார்.

குளத்தைக் குறைத்துப் பேசவில்லை. அதை ஆசையாகச் செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் 'இந்த ஊருல உக்காந்து' என்று அவர் சொன்னது என் நெஞ்சில் தைத்துவிட்டது. வழிகாட்டிக்கும் அதே நிலைமைதான். நான்தான் அவளுடைய முதல் எம்.பில். மாணவி. நான் குளத்துக்குப் போனால், இனி அவள் பேச்சை அந்தத் துறையில் யார் கேட்பார்கள்? மாதக் கடைசி வரைக்கும் தவணை வாங்கினோம்.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு சந்தில் கோழி வளர்க்கும் வீடு ஒன்று இருப்பதை அந்த வாரம்தான் கவனித்தேன். ஆறு முட்டை வாங்கி, நடந்தே கொண்டுவந்து, எல்லாவற்றையும் சும்மா விட்டு, இரண்டு தகட்டுக்கு மட்டும் ஆன்டிபாடி செலவழித்துப் பார்த்தோம். வெளுத்திருந்தன. பளிச்சென்று, கழுவிவிட்டது போல வெளுத்திருந்தன.

எனக்குக் கோபம் வந்தால் மூளை லீவு எடுத்துக்கொள்ளும். திருடனைப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை முதல் பேருந்தில் போய் அந்த அம்மாளின் முற்றத்தில் நின்று சண்டை போட்டேன். பழைய முட்டையைத் தருகிறீர்கள், வெயிலில் கிடந்ததைத் தருகிறீர்கள், கூமுட்டையை நம்பி என் ஒரு வருஷம் போச்சு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் கையில் இருந்த தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தார்.

"எனக்க கோழி முட்டையவா கூமுட்டைண்ணு சொல்லுதிய? இந்த எட்டு ஊருலயும் அடை வைக்கதுக்கு எனக்கிட்டதான் வந்து வாங்குவாவ. பொரிக்காத முட்டைண்ணு ஒருத்தர் இதுவரைக்கும் திருப்பித் தந்ததில்ல."

"அப்ப என்னத்துக்கு இப்படி ஆகுது?" என்று கத்தினேன்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? படிச்சது நீங்கலா. திங்கக்கிழமை நானே கொண்டாறேன். எனக்க கையால ஒங்க பெட்டியில வைக்கேன். அதுலயும் கெட்டுப் போச்சுதுண்ணா இனி கோழியே வளக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

சொன்னபடியே வந்தார். பேருந்தில் அடிதடிக் கூட்டமாம். சேலை கசங்கி, கொண்டை அவிழ்ந்து, இடுப்பில் கூடையோடு துறை வாசலில் நின்றார். நாற்பது நிமிடமும் நின்றுகொண்டே வந்திருக்கிறார். முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடைப்பெட்டியில் தாமே வைத்தார். கதவை மூடும் வரைக்கும் நகரவில்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அந்த முட்டைகளும் வெளுத்தன.

நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்து வழிகாட்டி என்னைப் பார்த்தாள். அதே வீடு, அதே கோழி, அதே சேவல், அதே பேருந்து, அதே பாதை. கொண்டுவந்த ஆள் மட்டும் வேறு.

"டீச்சர், நீங்க முட்டைய எப்பிடிக் கொண்டு வருவிய?"

"பஸ்லதான். வேற எப்பிடி?"

"பஸ்ல எங்க வச்சு?"

எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அதனால் விலாவாரியாகவே சொன்னேன். "அந்த டிரைவருக்க மகளுக்கு நான் கிளாஸ் டீச்சர். என்னைக் கண்டா விடமாட்டாரு. 'டீச்சர், கூட்டத்துல நசுங்கிப் போவும், கூடைய இங்க தாருங்க'ண்ணு வாங்கித் தனக்குப் பக்கத்துல பானெட் மேல வச்சு, ஆடாம இருக்கதுக்குச் சுத்தித் துண்டையும்…"

பானெட் என்று நாங்கள் சொல்வது, ஓட்டுநருக்கு இடப்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும் என்ஜின் மூடியை. அந்தக் காலத்துப் பேருந்துகளில் அதன்மேல் காலை வைத்தால் செருப்பையும் மீறிச் சுடும். அதன்மேல் நாற்பது நிமிடம், துண்டு போர்த்தி, வாரா வாரம் நானே முட்டைகளைச் சூடேற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். என் சும்மா முட்டைகளில் ஒன்றுகூடச் சும்மா வந்ததில்லை.

"முட்டைக்கார அம்மாவுக்கு யாரும் அந்த மரியாதை குடுக்கல," என்றாள் வழிகாட்டி மெதுவாக. "அதனால முட்டை பிழைச்சுது."

வெட்கத்தில் முகம் எரிந்தது. அந்த அம்மாளிடம் பேசியது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியிலிருந்து வேறொன்று பொங்கி வந்ததையும் மறைக்க மாட்டேன். அது சந்தோஷம். மூன்று தடவையும் அந்தப் புரதம் சரியான விடையைத்தான் எழுதியிருக்கிறது. தப்பு என்று சிவப்பு மையால் சுழித்தவள் நான். சூடு பட்டது எனக்குத் தெரியாது, வழிகாட்டிக்குத் தெரியாது, ஓட்டுநருக்குத் தெரியாது. முட்டைக்குள் இன்னும் கண்ணும் முளைக்காத கருவுக்குத் தெரிந்திருக்கிறது.

துறைத் தலைவரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பஸ் கதையை எல்லாம் ஆராய்ச்சிண்ணு எழுத முடியாது டீச்சர். நிரூபிச்சுக் காட்டுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் குப்பியில் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் ஆன்டிபாடி இருந்தது. பன்னிரண்டு தகடு, அதற்கு மேல் ஒரு துளி இல்லை. தோழியிடமும் தீர்ந்துவிட்டது. மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது. இது தப்பினால் குளம்தான்.

முதலில் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் நின்று, தப்பு என்மேல்தான், உங்கள் முட்டையில் ஒரு குறையும் இல்லை, நான் பேசியது அத்தனையும் அநியாயம் என்று சொன்னேன். அதற்கு முன் நான் யாரிடமும் இப்படி மன்னிப்புக் கேட்டதில்லை.

அவர் சேவலை விரட்டிவிட்டுத் திரும்பினார். "கோவம் போச்சாண்ணு கேட்டா, போவல்ல. அது போவதுக்கு நாளாவும். இப்ப எத்தன முட்டை வேணும்?"

"பன்னெண்டு."

"இரிங்க. எல்லாம் நேத்தும் இண்ணைக்கும் இட்டதாப் பாத்துத் தாறேன்."

பன்னிரண்டு முட்டையிலும் பென்சிலால் எண் எழுதினேன். ஆறைச் சின்னக் கூடையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். மற்ற ஆறையும் வழக்கமான கூடையில் வைத்து ஓட்டுநரிடம் நீட்டி, வழக்கம்போலவே வைக்கச் சொன்னேன். எதற்கு இரண்டு கூடை என்று அவர் கேட்டார். சொன்னேன். மனிதர் முகம் விழுந்துவிட்டது.

"டீச்சர், நான் நல்லதுக்குலா வச்சேன்."

"நல்லதுக்குத்தான் வச்சிய. இண்ணைக்கும் நல்லதுக்குத்தான் வைக்கிய. வையுங்க," என்றேன்.

கூடைக்குள் ஒரு வெப்பமானியையும் செருகியிருந்தேன். கால் மணி நேரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டி, பிறகு நாற்பத்தாறைத் தொட்டது. பக்கத்தில் நின்ற பயணிகள் எல்லாம் எட்டிப் பார்த்து, முட்டைக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பாதி வழியில் ஒரு ஆட்டோ குறுக்கே வர ஓட்டுநர் பிரேக் பிடித்தார், கூடை சரிந்து ஏழாம் எண் முட்டை விளிம்புக்கு உருண்டது. யோசிக்காமல் அதைப் பாய்ந்து பிடித்துவிட்டேன். திரும்பப் பானெட்டில் வைக்கத் துண்டுக்குள் இடமில்லை, எல்லாம் குலைந்து கிடந்தது. மடியிலிருந்த கூடையில் போட்டுவிட்டு நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டேன். ஒன்றைக் கெடுத்துவிட்டேனே என்று கல்லூரி வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

எந்த எண் மடி, எந்த எண் பானெட் என்பதை வழிகாட்டியிடம் சொல்லவில்லை. அதுதான் எங்கள் ஒப்பந்தம். அவள் சாயமேற்றி, அவளே பார்த்து, வெளுத்ததை இடப்பக்கமும் பழுத்ததை வலப்பக்கமுமாகப் பிரிக்க வேண்டும். பிறகுதான் நோட்டு திறக்கப்படும். துறைத் தலைவர் சாட்சிக்கு வருவதாகச் சொன்னார்.

அடைப்பெட்டியில் இரண்டு நாள், மெழுகிலும் சீவலிலும் இன்னும் நான்கு நாள். கடைசித் துளி ஆன்டிபாடியை அவள் ஊற்றியபோது நான் அறையில் நிற்கவில்லை. வராந்தாவில் மேலும் கீழும் நடந்தேன். ஜெபம் செய்யப் பார்த்தேன். பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

மறுநாள் பத்து மணிக்கு மூன்று பேரும் அறையில் இருந்தோம். நான் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். துறைத் தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம். அவள் முதல் தகட்டை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இடப்பக்கம் வைத்தாள். அடுத்தது வலப்பக்கம். அடுத்ததும் வலப்பக்கம். எனக்கு எண்கள் எல்லாம் மனப்பாடம். ஒவ்வொன்றும் சரியாக விழுந்துகொண்டே இருந்தது. என் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினொன்று முடிந்தது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து. கடைசித் தகட்டை அவள் வைத்தாள், எடுத்தாள், துடைத்தாள், மறுபடி வைத்தாள். உள்ளுக்குள் எனக்குத் தெரியும், அது எது என்று.

"சார், இதை எந்தப் பக்கம் வைக்கணும்ணு தெரியல," என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "வெளுத்ததுண்ணும் சொல்ல முடியாது, மத்ததப்போலப் பழுக்கவும் இல்ல. பாதிதான் ஏறியிருக்கு. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருப்பேன்."

"என்ன நம்பர்?" என்றேன்.

"ஏழு."

நோட்டைத் திறந்து அப்படியே துறைத் தலைவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக இரண்டு குவியலோடும் ஒத்துப் பார்த்தார். பதினொன்றிலும் ஒரு பிசகு இல்லை. பிறகு ஏழாம் எண்ணுக்கு வந்தார். அதை வாய்விட்டுப் படித்தார்: "பானெட்டிலிருந்து உருண்டது. பாதி வழியில் மடிக்கு எடுத்தேன்."

வழிகாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

"பாதி வழிண்ணா எவ்வளவு நேரம்?" என்று கேட்டார் அவர்.

"இருபது நிமிஷம் சார். மத்தது எல்லாம் நாப்பது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். ஏழாம் தகட்டையே பார்த்தார். அப்புறம் நாற்பது நிமிடம் சுட்டதை எடுத்துப் பார்த்தார். திரும்ப ஏழு. நான் ஜெயித்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. எங்கள் ஊர்ப் பேருந்தின் பானெட்டில் வைத்து, பயறளவு கருவிடம் நாங்கள் கேட்ட கேள்விக்கு அது நிமிடக் கணக்கில் பதில் சொல்லியிருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் தலையை நிமிர்த்தினார்.

"டீச்சர், இதைப் பஸ்ஸுண்ணே எழுதுங்க," என்றார். "ஒண்ணையும் மறைக்காண்டாம்."